காயப் போட்ட மிதவை

எங்கள் படையின் சரித்திரத்தை எழுத வந்த மேஜர், எண்ணூர் நெட்டுக்குப்பத்துக் கரையில் இறங்கியதும் முதலில் செய்த காரியம், காயப் போட்டிருந்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்ததுதான்.

பத்தடி தள்ளி வலை பின்னிக்கொண்டிருந்த தேசப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "சார், அது காயற மரம். கொஞ்சம் எந்திரி சார்" என்றான்.

மேஜர் எழுந்து நின்றார். எத்தனையோ பேரை எழுப்பி நிறுத்திய மனிதர், கால்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு அதுதான் கடைசிச் சிரிப்பாக இருக்கப் போகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். அவர் தோல்பையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதை வரும் வழியிலேயே சொல்லியிருந்தார்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய, கோவேறு கழுதைகளைக் கப்பலில் ஏற்றிய கூத்தைப் படித்துவிட்டு, வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். 'உங்கள் பட்டாளத்துக்காரர்கள் தப்பே செய்ய மாட்டீர்களா? எல்லா வாரமும் மற்றவன்தான் முட்டாளாக இருக்கிறான்' என்று கேட்டிருக்கிறார். செய்தோம் ஐயா. ஒன்று செய்தோம். இந்த வாரம் அதுதான்.

மேஜர் வந்த கதை

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நான் பட்டாளத்தை விட்டு வந்து, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் ஹவில்தாராக இருந்தேன். வேலை கொடுத்தவர்கள் என் ராணுவச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்து, 'ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லையே' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த வார்த்தை அப்போது என் நெஞ்சில் எங்கே குத்தியது என்பது எனக்குத்தான் தெரியும்.

தேசப்பன் எனக்கு யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரே குப்பத்தில் பிறந்தவன், ஒரே நாளில் என்னோடு பட்டாளத்தில் சேர்ந்தவன், திரும்பி வந்த பிறகு என் தங்கை பவுனம்மாளைக் கட்டியவன். அவன் திரும்பக் கடலுக்கே போய்விட்டான். எனக்குக் காக்கி பழகிவிட்டது.

மேஜர் பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், கொஞ்சம் ராகம் இருக்கும். ஓய்வு பெற்றவரை அழைத்து, 'நம் படை எங்கெங்கே போனது, என்னென்ன செய்தது, எப்படி எப்படி மாறியது, எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதும்' என்று மேலிடம் சொல்லியிருந்தது. காகிதத்தில் இருப்பதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, ஆளைப் பார்த்து ஒத்திட்டுக்கொள்ள ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். என் தொழிற்சாலை வாசலுக்கு வந்து, பர்மா ஆற்று மிதவைப் பிரிவில் இருந்த நாயக் முனுசாமி யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். லான்ஸ் நாயக் தேசப்பன் உயிரோடு இருக்கிறாரா என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றேன்.

பஸ்ரா மக்கும் பச்சைச் சட்டையும்

பட்டாளம் எங்கள் குப்பத்துக்குப் புதிதல்ல. முதல் உலகச் சண்டையிலேயே தேசப்பனின் பெரியப்பா பஸ்ராவுக்குப் போய் வந்தவர். வெயில் காலத்தில் கம்பளிச் சட்டையும், குளிர் காலத்தில் மெல்லிய சட்டையும் கொடுத்த பட்டாளம் அது என்பார். அவர் கொண்டுவந்த சொத்து ஒரு எனாமல் மக்கும், சாகிற வரை விடாத இருமலும். அந்த மக்கில்தான் தேசப்பன் வீட்டில் இன்றைக்கும் உப்பு போட்டு வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் சேர்ந்த காலத்தில் பட்டாளம் அப்போதுதான் பர்மாவில் அடி வாங்கித் திரும்பியிருந்தது. ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடியது. ராயபுரத்தில் பூட்டிய வீடுகளை எண்ணிக்கொண்டே நடக்கலாம். கடலில் மரம் இறக்கப் போனால் 'இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்புவார்கள். வயிறு நாளைக்கு வரை பொறுக்குமா? ராயபுரத்தில் ஆள் எடுக்கிறார்கள், ஆற்றில் மிதவை ஓட்டத் தெரிந்தவன் வேண்டும் என்று சேதி வந்தது. 'ஆறா? அது இன்னா, ஒரு பக்கம்தான் ஓடும்' என்று தேசப்பன் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றான்.

தோற்ற பட்டாளம்தான் படிக்கும். ஜெயித்த பட்டாளம் பரேடு மட்டும் பண்ணும். இது என் சொந்த அபிப்பிராயம், மேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நான் கண்ணால் கண்டது அது. காக்கி காட்டில் பளிச்சென்று தெரிகிறது என்று கண்டுகொண்டார்கள். எங்கள் சட்டையெல்லாம் பச்சையாயிற்று. குண்டைவிடக் கொசு அதிகம் பேரைச் சாய்க்கிறது என்று கண்டுகொண்டார்கள். தினமும் ஒரு மஞ்சள் மாத்திரை, வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். தோலெல்லாம் மஞ்சள் பூத்துப்போய், எல்லாரும் மஞ்சள் பூசிக் குளித்த பொம்பளை மாதிரி இருந்தோம். சாலை அறுந்தால் சோறு இல்லை என்ற காலம் போய், அரிசி மூட்டை வானத்திலிருந்து விழுந்தது.

எல்லாவற்றையும் அந்தப் பட்டாளம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. நடக்க, படுக்க, பல் விளக்க, சல்யூட் அடிக்க. கரை ஏறியதும் எங்கள் கை என்ன செய்யும் என்பதை மட்டும் அதனால் மாற்ற முடியவில்லை.

கரை ஏறினால் கட்டு அவிழும்

கடலோரத்தில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கட்டுமரம் என்பது படகு அல்ல. நாலைந்து மரங்கள், கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். காலையில் கட்டுவோம், கடலுக்குப் போவோம், கரை ஏறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவோம். கட்டியபடியே விட்டால் இடுக்கில் தண்ணீர் நின்று மரம் ஊறும், கனக்கும், மறுநாள் அலை ஏறாது. எவ்வளவு களைத்து வந்தாலும், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கட்டை அவிழ்க்காமல் எவனும் வீட்டுக்குப் போக மாட்டான். பின்னால் நிற்கிற மூத்த ஆள் 'அவுத்துப் போடு' என்பான். சொல்வதும் வழக்கம், செய்வதும் வழக்கம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பர்மாவுக்கு வாருங்கள்.

ஒரு பெரிய ஆறு. எங்கள் கரையில் மூன்று இடங்களில் மூன்று மிதவைகள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் எங்களுடையது. மூங்கில், மரம், காலிப் பெட்ரோல் பீப்பாய் எல்லாம் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்தது. ஒரு ஜீப் ஏறும். ஒரு நாள் பகல் முழுவதும் கட்டி, சாயங்காலம் பாதி ஆறு வரை ஓட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கரை சேர்ந்தோம். விடிந்ததும் மூடுபனியில் அக்கரைக்குப் போக வேண்டும்.

கரை சேர்ந்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கைகால் எல்லாம் நொந்துபோயிருந்தது. பின்னால் நின்றவன் நான். என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது:

"அவுத்துப் போடு."

திரும்பிப் பார்த்தேன். தேசப்பன் தோளில் கயிற்றுச் சுருளோடு நின்றுகொண்டிருந்தான். மற்ற ஆறு பேரும் குனிந்தார்கள். எல்லாரும் நம் கரைக்காரர்கள். ஒருவனாவது 'எதுக்கு?' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சோறு பொங்குகிற நேரத்துக்குள் மிதவை இருந்த இடத்தில் மரம் ஒரு பக்கம், மூங்கில் ஒரு பக்கம், பீப்பாய்கள் புதர் ஓரத்தில். நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

மூடுபனி

விடிகாலையில் கேப்டன் வந்தார். வெள்ளைக்காரர், சின்ன வயசு. பனியில் மிதவையைத் தேடி இப்படியும் அப்படியும் நடந்தார். பிறகு அவர் கால் ஒரு மரத்தில் இடித்தது.

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் சொல்ல வராது. அக்கரை போக வேண்டிய படை பின்னால் வந்து நிற்கிறது, மிதவை விறகாகக் கிடக்கிறது. யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் தேசப்பன் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டான்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: என் சட்டைக் கையில் இரண்டு பதவிப் பட்டை இருக்கிறது, அவன் கையில் ஒன்றுதான். இவ்வளவு கேவலமாக ஒரு மனுஷன் கணக்குப் போட முடியும் என்பதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அங்கேயே அவன் பட்டையைப் பிரித்து எடுத்தார்கள். காகிதம் எழுதி ஆளிடம் கொடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். இப்போதே கட்டிவிடுகிறோம் என்று நாங்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லை. அந்த ஆள் மரங்களுக்குள் மறைந்த சற்று நேரத்தில் பனி விலகியது. அக்கரை மேட்டிலிருந்து எதிரியின் பீரங்கி வெடிக்க ஆரம்பித்தது.

முந்தின நாள் முழுவதும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மேல் மிதவை போயிற்று. கீழ் மிதவை போயிற்று. எங்கள் இடத்தில் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளத்தில் ஒதுங்கிய கட்டைகள்தான். ஒரு குண்டுகூட வரவில்லை. பதுங்கு குழியில் குப்புறக் கிடந்தபடி கேப்டன் எங்களைப் பார்த்தார். நாங்கள் மரத்தைப் பார்த்தோம்.

மறுநாள் விடிகாலைப் பனியில், வெட்டி அளந்த மரமெல்லாம் தயாராகக் கிடந்ததால், ஒருவன் இரண்டு பீடி குடிக்கிற நேரத்துக்குள் மிதவையைக் கட்டி நிறுத்தினோம். அதற்கெல்லாம் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தப் படை முழுவதும் எங்கள் ஒரு மிதவையில்தான் அக்கரை போயிற்று. பனி விலகுமுன் மறுபடி அவிழ்த்துப் போட்டோம். இந்தத் தடவை கேப்டனே சொன்னார். தேசப்பனின் தோளைத் தட்டினார். ஆனால் காகிதம் போனது போனதுதான். பட்டாளத்தில் மனுஷனைத் திரும்பக் கூப்பிடலாம், காகிதத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது. இரண்டு வாரத்தில் கேப்டன் வேறு படைக்கு மாறிவிட்டார்.

ஊருக்கு விடுமுறையில் வந்த யாரோ இந்தச் சேதியில் பாதியை மட்டும் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். தேசப்பன் திரும்பி வந்தபோது அவனுக்கு முன்னால் அவன் பட்டப்பெயர் வந்து சேர்ந்திருந்தது. 'கட்டவுத்தான்.' பட்டை போனவனுக்கா பெண் கொடுக்கிறது என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு வந்தது. கொடுத்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். எல்லாரும் என்னை நல்ல அண்ணன் என்றார்கள். நல்ல அண்ணனாம்!

மேஜரின் பேனா

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை. மேஜர் கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். பக்கத்தில் என் தங்கை பவுனம்மாள் அருவாமனையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மேஜர் தான் எழுதியதைத் தமிழில் சொன்னார்: லான்ஸ் நாயக் தேசப்பனின் கவனக் குறைவால் மிதவை ஒன்று பிரிந்து கிடந்தது, படை ஒரு நாள் தாமதப்பட்டது.

"இது சரிதானா என்று கேட்கத்தான் வந்தேன். அச்சேறிவிட்டால் பிறகு மாற்ற முடியாது" என்றார்.

தேசப்பன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சரிதான் என்று தலையாட்டினான். பவுனின் கை நின்றது. குப்பத்தில் சொல்கிற பட்டப்பெயர் குப்பத்தோடு போகும். புத்தகத்தில் போட்டால் அவள் பிள்ளைகள் படித்துப் பெரியவர்களானாலும் அது அங்கேயே இருக்கும். அது எனக்கும் புரிந்தது. தொழிற்சாலை வாசலும், கறுப்புப் புள்ளி இல்லாத சான்றிதழும் ஒரு நிமிஷம் கண் முன்னால் வந்து போயின.

"சார், அவுத்துப் போடுன்னு சொன்னவன் நான். அவன் மேல தப்பு இல்ல. அன்னிக்கி வாய மூடிகினேன்" என்றேன்.

எதற்காக அவிழ்த்தோம், எப்படிக் கிடந்தது, குண்டு எங்கே விழுந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். மேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து போய், காய்ந்துகொண்டிருந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். விடியுமுன் மிதவையைப் பிரித்துப் போட வேண்டும் என்று இப்போது பயிற்சி முகாமில் புதிய ஆட்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்களாம். பழைய உத்தரவு ஒன்றில் அது இருக்கிறது, யார் தொடங்கியது என்றுதான் தெரியவில்லை, தேடிக்கொண்டே இருந்தேன் என்றார். நண்டு வறுவலை ஒரு கை பார்த்துவிட்டுப் போனார்.

பவுனுக்குத்தான் கோபம் ஆறவில்லை. தலைச்சுமையாகத் திருவொற்றியூர் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிறவள், போகிற வழியில் என் வீட்டுக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பதினைந்து நாள் என் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பதினாறாம் நாள் நாலு காரப்பொடி மீன் வந்தது. அவ்வளவு சின்னக் காரப்பொடியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். எட்டு வருஷமாக எனக்கு மீன் அப்படி ருசித்ததில்லை.

புத்தகம் வந்தது

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, தொழிற்சாலை விலாசத்துக்குத் தபாலில் புத்தகம் வந்தது. தடித்த அட்டை, புதுக் காகித வாசனை. எங்கள் பக்கத்தைத் தேடிப் பிடித்து, பட்டாளத்தில் கற்ற இங்கிலீஷை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது.

தேசப்பன் பெயர் இல்லை. கவனக் குறைவும் இல்லை. அது இருந்த இடத்தில், எதிரியின் கண்ணில் படாமலிருக்க விடியுமுன் மிதவையைப் பிரித்துப் போடும் முறையை முதன்முதலில் கையாண்டவர் நாயக் முனுசாமி என்று போட்டிருந்தது.

தப்பை ஒப்புக்கொண்டேன் ஐயா, அதைப் புகழாக்கி என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்!

மூன்று நாள் புத்தகத்தைத் துணிப்பெட்டிக்குள் வைத்திருந்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் எங்கள் குப்பத்துக்காரர்களில் அப்போது நான் ஒருவன்தான். முனுசாமி என்ற இடத்தில் தேசப்பன் என்று வாசித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அப்படியே செய்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் நெட்டுக்குப்பம் போனேன். பவுன் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

"நல்லா கீதே ஞாயம். தப்புன்னா எங்க வூட்டுக்காரு பேரு, மெச்சறதுன்னா உன் பேரா?" என்றாள்.

தேசப்பன் அப்போதுதான் கடலிலிருந்து வந்து கரையில் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் நின்றேன். எட்டு ஒன்பது வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். "நான் சொன்னதுக்கு நீ தண்டன வாங்கின. இப்ப பேரும் எனக்கே வந்துடுச்சி. என்ன மன்னிச்சிடு தேசப்பா."

அவன் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தான். நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

"இன்னா மச்சான், இத்தினி வருசமா அதான் நெனச்சிகினு கீறியா? நீ சொல்றதுக்கு முன்னாலயே மொத முடிச்ச நான் அவுத்துட்டேன். கவுறு என் தோள்ல கெடந்துச்சே, நீதான் பாத்தியே. அவுத்தவன் நான், அதான் நான் முன்னால வந்தேன்."

கயிறு. ஆமாம், நான் திரும்பியபோதே அவன் தோளில் கயிற்றுச் சுருள் இருந்தது. அவிழ்க்காமல் சுருள் எங்கிருந்து வரும்? அத்தனை வருஷம் அது என் கண் முன்னாலேயே கிடந்திருக்கிறது. முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"நீ கேக்கவே இல்லியே" என்றான். கயிற்றின் ஒரு முனையை என் பக்கம் போட்டான். தொழிற்சாலைக் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நானும் குனிந்தேன். பவுன் வாசலில் நின்றபடி, கால்சட்டை நனைகிறது பார் என்று சிரித்தாள். மரங்களைத் தனித்தனியாக மணலில் உருட்டி வைத்தோம். அந்த மத்தியானம் அவர்கள் வீட்டில் வஞ்சிரக் குழம்பு. எனக்கு நடுத்துண்டு வந்தது.

மேஜருக்குக் கடிதம் போட்டேன். அடுத்த பதிப்பில் அவசியம் திருத்துகிறேன் என்று பதில் எழுதினார், நல்ல மனிதர். அடுத்த பதிப்பு இன்று வரை வரவில்லை.

அதனால் இந்த வாரப் பக்கத்தை அதற்கு எடுத்துக்கொண்டேன். படை எப்படிப் படித்தது என்று யாராவது நாளைக்கு எழுத வந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்: பர்மாவில் அந்த ஆற்றங்கரையில், சூரியன் இறங்குகிற நேரத்தில், யாரும் சொல்லாமல் முதல் முடிச்சை அவிழ்த்தவன் எண்ணூர் நெட்டுக்குப்பம் தேசப்பன்.

பவுனு, பேரனை விட்டு இதைப் படிக்கச் சொல். சத்தமாகப் படிக்கட்டும், உன் வீட்டுக்காரனுக்கு இப்போது காது மந்தம்.